தகப்பன் குடித்தால் மகனும் குடிப்பானா? தங்கச்சியின் சம்பந்தம் இதிலேயே நிற்கிறது

கோண்டாவில்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெடியன் சாவகச்சேரிப் பக்கம், அரசாங்க உத்தியோகம். இரண்டு பேரும் போனில் கதைத்துப் பிடித்துவிட்டது, சாதகமும் பொருத்தம், சீதனக் கதையையும் அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாம் கூடிவருகிற நேரம் பார்த்து எங்கள் பெரியம்மா விசாரித்துக்கொண்டு வந்தா, பெடியனின் அப்பா குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவராம், அப்பப்பாவும் தவறணையே கதி என்று கிடந்தவராம். அதோடு அம்மா ஒரே பிடி. "குடி ரத்தத்தில ஓடுறது. இண்டைக்குக் குடிக்காட்டி 40 வயசில குடிப்பான், அப்ப ரெண்டு பிள்ளையோட இவள் எங்க போறது?" என்று கேட்கிறா.

"வேரோடி விளாத்தி முளைச்சாலும் தாய்வழி தப்பாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள், அப்ப பெடியன் தாயைப் போலத்தானே இருப்பான், அந்த மனிசி விரதம் தவறாத ஆள்" என்று நான் கேட்டதற்கு அகப்பைக்காம்பு உயர்ந்ததுதான் மிச்சம்.

என் கேள்வி இதுதான். குடி, கோபம், சோம்பல் போன்றவை உண்மையிலேயே ஜீனில் வருகின்றனவா? வந்தால் எவ்வளவு? எங்கள் வீட்டிலேயே அண்ணாவுக்கு மூக்குக்கு மேலே கோபம், நான் பரவாயில்லை, தங்கச்சி யார் என்ன சொன்னாலும் சிரிப்பாள். மூன்று பேரும் ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே. நான் ஏ.எல். கொமர்ஸ், அதனால் விளங்குகிற மாதிரி எழுதுங்கள். ஞாயிறு பெடியன் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பதில் வந்தால் நல்லது.

பயோ_மாஸ்டர்:

தங்கச்சி, உங்கள் அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, அவவின் முடிவுக்குத்தான் இல்லை.

டென்மார்க்கில் தத்துக் கொடுத்த பிள்ளைகளின் பதிவை ஒழுங்காக வைத்திருப்பார்கள். அதை வைத்து டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றவர்களில் ஒருவர் குடிநோயாளி, ஆனால் பிறந்த சில வாரங்களுக்குள் வேறு வீட்டுக்குத் தத்துப் போய்விட்ட ஆண்பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். பெற்ற தகப்பன் குடித்ததை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. அவர்களில் 18 வீதமானோர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். பெற்றவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லாத தத்துப் பிள்ளைகளில் 5 வீதம். கிட்டத்தட்ட 4 மடங்கு வித்தியாசம். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் "நான் சொன்னனானெல்லே" என்பா. சரி, சொல்லட்டும். அதே கணக்கில் 100க்கு 82 பேர் குடிநோயாளி ஆகவில்லை என்பதையும் வாசித்துக் காட்டுங்கள். ஆய்வு நடந்தபோது அந்த ஆண்களுக்கு 30 வயது சுமார், பிறகு இன்னும் சிலர் விழுந்திருக்கலாம், அதையும் நான் மறைக்கவில்லை.

அடுத்தது இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருமுட்டை பிரிந்து, ஒரே ஜீனோடு பிறந்த இரட்டையரையும் இரண்டு கருமுட்டையில் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டு, ஒருவர் குடிநோயாளியானால் மற்றவரும் ஆவது எந்தச் சோடியில் எவ்வளவு அதிகம் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் குடிநோயின் மரபுப் பங்கு ஏறத்தாழ 50 வீதம் என்று வருகிறது. இந்த 50ஐத்தான் சனம் பிழையாக விளங்கிக்கொள்கிறது. "மகன் குடிகாரனாவதற்கு 50 வீதம் சாத்தியம்" என்பது இதன் பொருள் இல்லை. ஒரு சமூகத்தில் ஆளுக்காள் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை ஜீன் வித்தியாசத்தின் கணக்கில் எழுதலாம் என்பதுதான் அது. தனி ஓர் ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

உங்கள் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். சின்ன வெங்காயத்தைக் காயாகவே நடுகிறோம். ஒரே கொத்திலிருந்து பிரித்து நட்ட காய்கள் எல்லாவற்றுக்கும் ஜீன் ஒன்றுதான். அப்படி நட்ட பாத்தியில் ஒரு மூலை கொழுத்தும் இன்னொரு மூலை வத்தியும் விளைந்தால் அது முழுக்கத் தண்ணீர், பசளை, வெயில். அங்கே மரபுப் பங்கு பூச்சியம். அதே செம்மண்ணில், ஒரே மாதிரித் தண்ணீர் விட்டு, நாலு வேறு இன வெங்காயத்தை நடுங்கள். இப்போது விளைச்சல் வித்தியாசத்தில் பெரும்பங்கு இனத்துடையது, மரபுப் பங்கு ஏறிவிடும். வெங்காயத்தின் ஜீனுக்குள் ஒன்றும் மாறவில்லை, நட்ட நிலைமைதான் மாறியது. ஆகவே 50 வீதம் என்பது எங்கே, எந்தக் காலத்தில், யாரை அளந்தோம் என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எண்.

அண்ணாவின் கோபத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2015இல், அதுவரை 50 வருடங்களாக நடந்த இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், 14 மில்லியனுக்கு மேற்பட்ட சோடிகளின் தரவு. உடல், மனம், குணம் என்று எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மரபுப் பங்கு 49 வீதம். குணத்தில் மீதிப் பாதியில் பெரும்பகுதி ஒரே வீட்டில் வளர்ந்ததால் வருவதில்லை, ஆளுக்காள் வேறாக நடந்தவற்றால் வருவது. ஆளுக்காள் வேறுபடுகிற ஜீன்களில் கூடப் பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. மூத்தவனாகப் பிறந்தது, அவனுக்குக் கிடைத்த வாத்தியார், அவனுக்கு வந்த காய்ச்சல், அவன் சேர்ந்த கூட்டாளி எல்லாம் உங்களுடையவை அல்ல. ஒரே பானைச் சோறு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

ரொறன்ரோ_மருமகன்:

இதுக்குப் போய் ஏன் இவ்வளவு தலையைப் பிய்க்கிறீர்கள்? இங்கே ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் முழு ரிப்போர்ட்டும் போனுக்கே வரும். பெடியனின் எச்சிலை யாராவது வருகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள், நான் செய்விக்கிறேன். "போர்வீரன் ஜீன்" என்று ஒன்று இருக்கிறது, எம்ஏஓஏ, அது இருந்தால் ஆள் முரடன். குடிக்கும் அப்படி ஒன்று இருக்கும்தானே. கலியாணத்துக்கு முதல் சாதகம் பார்க்கிற நாங்கள் டிஎன்ஏ பார்த்தால் என்ன குறை?

பயோ_மாஸ்டர்:

மருமகன், சாதகத்தில் குறையும் இல்லை டிஎன்ஏயில் குறையும் இல்லை, நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறீர்கள், குறை அங்கேதான். அந்த "போர்வீரன் ஜீன்" கதையின் தொடக்கம் 1993. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்கள் சிலரிடம் அந்த ஜீன் உண்டாக்குகிற நொதியே (உடலுக்குள் இரசாயன வேலை செய்கிற பொருள்) வேலை செய்யவில்லை, அறிவு வளர்ச்சியிலும் குறை, திடீர் ஆத்திரமும் இருந்தது. அது மிக மிக அரிய நிலை. நீங்கள் சொல்கிற ரிப்போர்ட்டில் வருவது வேறு, அந்த ஜீனின் கொஞ்சம் மந்தமான வடிவம், பல நாடுகளில் ஆண்களில் மூன்றிலொரு பங்குக்குப் பக்கமாக இருப்பது. அதை வைத்து முரடன் என்றால் உங்கள் ரொறன்ரோ ரயிலில் ஒரு பெட்டிக்கு எத்தனை முரடர் என்று எண்ணிப் பாருங்கள். நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் 1970களில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் ஒன்று சொன்னார்கள்: சிறுவயதில் அடி உதை வாங்கி வளர்ந்தவர்களிடம்தான் அந்த வடிவம் வன்முறையோடு சேர்ந்து வந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் சில ஒத்துக்கொண்டன, சில ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த ஒரு ஜீன் இருந்தால் இந்தக் குணம்" என்ற கதைகளில் பெரும்பாலானவை பெரிய தரவு வந்ததும் கரைந்துபோயின. மனச்சோர்வுக்கு என்று வருடக்கணக்காகப் பேசிய 18 ஜீன்களை 2019இல் லட்சக்கணக்கான ஆட்களின் தரவில் போட்டுப் பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜீன்களைவிட அவை ஒன்றும் மேல் இல்லை. அதே வருடம் 1.2 மில்லியன் ஆட்களை வைத்துப் புகைத்தலையும் குடியையும் பார்த்ததில் டிஎன்ஏயில் 400க்கு மேற்பட்ட இடங்கள் சம்பந்தப்படுவதாக வந்தது. ஒவ்வொன்றும் துளித்துளி.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவே எனக்குப் பிடித்த கதை. மதுவை உடல் முதலில் அசிட்டல்டிஹைட் என்ற நஞ்சாக மாற்றும், பிறகு இன்னொரு நொதி அந்த நஞ்சை உடைக்கும். ஜப்பான், சீனா, கொரியா பக்கம் பலருக்கு அந்த இரண்டாவது நொதி ஜீனிலேயே பழுது, ஏஎல்டிஎச்2 என்பார்கள். ஒரு கிளாஸ் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அப்படிப்பட்டவர்கள் குடிநோயாளி ஆவது குறைவு. இந்த ஜீன் வேலியைப் போல என்று நினைப்போம்தானே. ஜப்பானியக் குடிநோயாளிகளில் இந்த ஜீனின் பழுதான பிரதி ஒன்று வைத்திருந்தவர்கள் 1979இல் 2.5 வீதம், 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று வருடத்தில் ஜீன் மாறாது. வேலை முடிந்து முதலாளியோடும் கூட்டாளியோடும் குடித்தே ஆகவேண்டும் என்ற ஊர் வழக்கத்துக்கு முன்னால் குமட்டலும் தாக்குப்பிடிக்கவில்லை. பாதுகாக்கிற ஜீனுக்கே இந்த நிலை. எங்கள் பக்கத்து ஆட்களிடம் அந்த வடிவம் அரிது, அதனால் மருமகன் பெடியனின் எச்சிலை அங்கே எடுக்கும் யோசனையைக் கைவிடலாம். அதோடு ஆளைக் கேட்காமல் ஆளின் டிஎன்ஏயைப் பார்ப்பது எந்தப் பண்பாட்டில் சேரும்?

உரும்பிராய்_மகள்:

மாஸ்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் குடிகாரனின் மகள், ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் அப்பா 1995 ஒக்டோபர் வரைக்கும் கள்ளுக்கூடத் தொடாத தோட்டக்காரன். வலிகாமத்துச் சனம் முழுக்கப் போரால் இடம்பெயர்ந்து ஓர் இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அதில் நாங்களும் போனோம். தோட்டம், வீடு, கட்டியிருந்த மாடு எல்லாம் போய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பத்தோடு இருக்கும்போது, பின்னேரத்தில் யாரோ கசிப்பு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து தோட்டமும் செய்தார், குடியும் நிற்கவில்லை. அவருக்கு அந்த ஜீன் பிறந்ததிலிருந்து இருந்திருக்கும், 45 வயது வரை அதற்கு வேலை வரவில்லை என்று நினைக்கிறேன். போருக்குப் பிறகு எங்கள் சமூகத்தில் குடி கூடியதைப் பற்றிப் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், முழு ஊருக்கும் ஒரே நேரத்தில் ஜீன் மாறியா அது நடந்தது?

ஆகவே அக்கா, பெடியனின் அப்பா எப்போது, எதனால் தொடங்கினார் என்று யாராவது விசாரித்தீர்களா? பெரியம்மா "குடிகாரன்" என்ற சொல்லோடு திரும்பி வந்திருக்கிறா, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் அப்பாவின் வழி. இளையவன் கலியாண வீடுகளில் பின்பக்கம் போவதே இல்லை, சோறு முடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவான். அப்பா விழுந்து கிடப்பதைத் தூக்கிக் கிணற்றடியில் குளிப்பாட்டியது அவன்தான், அதனால் அப்படி. இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்கிறேன், என் மகளுக்கு இப்படி ஒரு சம்பந்தம் வந்தால் நானும் உங்கள் அம்மா மாதிரித்தான் முதலில் வேண்டாம் என்பேன். ஒரு வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆளுக்கு 82 வீதக் கணக்கு வாயில் இனிக்காது. உங்கள் அம்மாவோடு கோபிக்காதீர்கள்.

வார்ட்_நேர்ஸ்:

நான் வேலை செய்கிற வார்ட்டில் ஈரல் வீங்கி வயிற்றில் தண்ணீர் சேர்ந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் முக்காவாசிப் பேர் பெருமையாகச் சொல்கிற ஒரு வசனம் உண்டு: "சிஸ்டர், எனக்கு எவ்வளவு அடிச்சாலும் ஏறாது." பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் தலையாட்டுவார். ஆம்பிளைத்தனம் என்று நினைப்பு.

அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் இதையே பார்த்திருக்கிறார். குடிநோயாளிகளின் மகன்மாரையும் மற்ற இளைஞர்களையும், யாரும் இன்னும் குடிநோயாளி ஆகாத 20 வயது வாக்கில், கூப்பிட்டு அளந்து மது கொடுத்தார். நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு ஏறினது என்று அவர்களே எவ்வளவு உணர்கிறார்கள் என்று குறித்துவைத்தார். குடிநோயாளிகளின் மகன்மாரில் பலருக்கு, இரத்தத்தில் அதே அளவு மது இருந்தும், குறைவாகத்தான் ஏறியது. பல வருடம் கழித்துப் பார்த்தால் அப்படிக் குறைவாக ஏறியவர்களிடமே பிறகு குடிநோய் கணிசமாக அதிகம். மற்றவனுக்கு இரண்டாவதில் தலை சுற்றி "போதும்" என்று வரும், இவனுக்கு அந்த மணி அடிக்காது, கூட்டாளிமாரோடு சரிக்குச் சரி வருவதற்கு இன்னும் இரண்டு வேண்டும். பரம்பரையில் வருவதில் ஒரு பங்கு இதுதான், குடிக்கிற ஆசை என்று தனியாக ஒன்று வருவதைவிட "போதும்" என்ற உணர்வு பிந்துவது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாஸ்டர் சொன்ன அந்த இரண்டாவது நொதியை மருந்தாலும் தடுக்கலாம், டைசல்ஃபிராம் என்ற குளிசை. குடித்தால் அதே முகச்சிவப்பு, படபடப்பு, வாந்தி. குடியை விட விரும்புகிற ஆளுக்கு, அவருக்குத் தெரிந்து, டொக்டர் பார்த்துக் கொடுப்பது. சில மனைவிமார் எங்கோ வாங்கி மனிசனுக்குத் தெரியாமல் கறியில் கலக்கிறார்கள். அதற்கு மேல் அவர் அரைப் போத்தலை அடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கோண்டாவில்_அக்கா:

நேர்ஸ் அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்து எனக்குத் தலையே சுத்துகிறது. நேற்று தங்கச்சி நேரே கேட்டிருக்கிறாள், நீங்கள் குடிப்பீர்களா என்று. அவர் ஒளிக்காமல், கலியாண வீடுகளில் கூட்டாளிமாரோடு இரண்டு பியர் குடிக்கிறதுதான் என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டு "எனக்கு அது ஏறுறதே இல்லை" என்றாராம்!! இனி என்ன செய்வது?

வார்ட்_நேர்ஸ்:

பயப்பட வேண்டாம். இரண்டு பியருக்கு ஏறாத ஆண்கள் ஊரில் நிறைய, அதை வைத்து ஒருவரில் ஒன்றும் எழுத முடியாது. ஆனால் அப்பா, அப்பப்பா என்று இரண்டு தலைமுறை இருக்கிற ஆள், அதோடு ஏறுவதும் இல்லை என்றால், மற்றவர்களைவிட அவருக்குக் கவனம் கூட வேண்டும். அதை அவரிடமே சொல்லலாம், குற்றம் மாதிரி இல்லாமல். "ஏறவில்லை" என்பதை அளவாக வைக்கக் கூடாது, எண்ணிக்கையை வைக்க வேண்டும். தங்கச்சி கேட்க வேண்டியவை வேறு. தனியாக இருக்கும்போது குடிப்பாரா, மனம் சரியில்லாத நாளில் குடிப்பாரா, கூட்டாளிமார் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லக்கூடியவரா, அப்பாவின் கதையைத் தானாகக் கதைப்பாரா அல்லது சுற்றி வளைப்பாரா. கேட்டவுடனே ஒளிக்காமல் பதில் சொன்னதை நான் நல்ல பக்கத்தில்தான் போடுவேன்.

பனங்கட்டி_மாமா:

எல்லாம் சரி, பெண் வீட்டுக்காரர் பெடியனின் மூன்று தலைமுறையைக் கிண்டுகிறீர்கள். அவர்கள் உங்கள் பக்கத்தைக் கிண்டினால் ஒன்றும் வராதா? சும்மா கேட்கிறேன். எங்கள் ஊரில் கிண்டி ஒன்றும் வராத வீட்டை நான் இன்னும் காணவில்லை.

கோண்டாவில்_அக்கா:

மாமா, நீங்கள் சும்மா கேட்டது சரியான இடத்தில் பட்டுவிட்டது. அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு மனச்சிதைவு நோய், 22 வயதில் தொடங்கியது. முதலில் கோயில், பிறகு நூல் கட்டுகிறவர், கடைசியில்தான் ஆஸ்பத்திரி. இப்போது கிளினிக் மருந்தில் நன்றாக இருக்கிறார், பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார், என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் தரகரிடம் அம்மா சொல்லியிருக்கிறா, தம்பி கனடாவில் என்று. வீட்டுக்கு ஆள் வந்தால் அவரைப் பின் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவா. ரத்தத்தில ஓடும் என்று அடுத்த வீட்டைச் சொல்கிற ஆளும் அவதான். இதுவும் பரம்பரையில் வருமா? தங்கச்சிக்கு, அவளின் பிள்ளைகளுக்கு?

வார்ட்_நேர்ஸ்:

வரும் என்றும் சொல்லலாம், கணக்கைப் பார்த்தால் பயப்பட அவ்வளவு இல்லை. பொதுவாக 100இல் ஒருவருக்கு அந்த நோய் வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் 100க்கு 10 சுமார். மாமாவுக்கு இருந்தால் மருமக்களில் 3, 4 பேர் வாக்கில், அதுவும் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிவிடும். ஒரே ஜீனோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமலே போவதுதான் பாதிக்கு மேல். அவளின் பிள்ளைகள் இன்னும் ஒரு படி தள்ளி, அவர்களுக்குப் பொதுவான ஆட்களைவிட மிகக் கொஞ்சம்தான் கூட. ஆகக் கூடிய கேடு வருவது, நோய் தொடங்கும்போது வீட்டார் ஒளித்து, மருந்து பிந்துவதால். உங்கள் மாமாவுக்கு எத்தனை மாதம் நூல் கட்டுவதில் போயிருக்கும் பாருங்கள்.

கோண்டாவில்_அக்கா:

தங்கச்சியிடம் முழுத் திரியையும் காட்டிவிட்டேன். மாமாவின் கதையை இன்று இரவு பெடியனிடம் தானே சொல்வதாகச் சொல்கிறாள், அவர் தன் குடியைப் பற்றி ஒளிக்காமல் சொன்ன மாதிரி. அம்மா ஞாயிறு காலையில் மாமாவைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப ஆட்டோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறா. தங்கச்சி அந்த ஆட்டோக்காரனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்றுவிட்டாள். அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது, தெரியும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன் என்று நம்புகிறேன்.

உரும்பிராய்_மகள்:

ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை உங்களுக்கு? வீட்டில் நில்லுங்கள், அம்மாவோடு ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

வார்ட்_நேர்ஸ்:

பெடியன் அதைக் கேட்டுவிட்டும் வருகிறார் என்றால், இரண்டு பேருமாக மாமாவின் அடுத்த கிளினிக் நாளுக்குக் கூடப் போகலாம். மாமாவிடம் முதலில் கேளுங்கள், அவர் ஓம் என்றால் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய், மனச்சிதைவுக்கும் குடிக்கும் சேர்த்து இருக்கிற சந்தேகம் முழுவதையும் டொக்டரிடமே கேட்கட்டும். விடிய வெள்ளென போங்கள், பிந்தினால் நம்பர் கிடைக்காது.